கேட்டால் சொல்லுவேன்: கரம் பவுடரும் கடினக் கல்லும்

போன இதழில் கடினமான பொருட்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வைரத்துக்குக் கொஞ்சம் கீழே, போரனும் ஒட்சிசனும் மட்டும் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது, 5 கிகாபஸ்கால் அமுக்கத்தில் செய்கிறார்கள், கையில் எடுத்தால் அலுமினியம் மாதிரி இலேசு என்று. அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை எல்லாம் அதைப் பற்றித்தான், கடைசியில் வரும் கரப்பான் பூச்சியைத் தவிர. பார்க்கப்போனால் கரப்பானும் தூரத்துச் சொந்தம்தான்.

"ஐயா, நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கரம் போர்ட்டுக்குப் போடுகிற பவுடர் பைக்கற்றில் போரிக் அமிலம் என்று இருக்கிறது. அதில் போரனும் இருக்கிறது, ஒட்சிசனும் இருக்கிறது. அதைச் சூடாக்கி அமுக்கினால் நீங்கள் சொன்ன கல் வருமா?"
– மாணவி, கொட்டாஞ்சேனை

வராது பிள்ளை. ஆனால் சரியான இடத்தில்தான் தொடங்கியிருக்கிறாய். அரைவாசி வழி அந்தப் பவுடரே கொண்டுபோய் விடும்.

போரிக் அமிலத்தைச் சூடாக்கினால் அதிலிருக்கும் ஐதரசன் கொஞ்சம் ஒட்சிசனையும் கூட்டிக்கொண்டு நீராவியாகப் போய்விடும். மிஞ்சுவது போரன் ஒட்சைட்டு. 450 பாகையில் அது உருகி, கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபடும், ஆறினால் கண்ணாடி. (செய்து பார்க்க ஆசையென்றால் பாடசாலை ஆய்வுகூடத்தில், ரீச்சர் பக்கத்தில் நிற்கும்போது. அம்மாவின் சட்டி வேண்டாம்.) அந்தக் கண்ணாடியில் இரண்டு போரனுக்கு மூன்று ஒட்சிசன். நாம் தேடுகிற கல்லிலோ ஆறு போரனுக்கு ஒரே ஒரு ஒட்சிசன். போரன் சப்ஒட்சைட்டு என்பார்கள். நான் முன்பு வேலை செய்த ஆய்வுகூடத்தில் எல்லோரும் சொன்னது 'பி-6-ஓ'. ஆகவே உன் பவுடரில் ஒட்சிசன் மிதமிஞ்சிக் கிடக்கிறது, போரன் போதாது. தனிப் போரனை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். பதினாறு போரன் அணுவும் ஒரு போரன் ஒட்சைட்டு மூலக்கூறும் சேர்ந்தால் மூன்று பி-6-ஓ. நிறையில் பார்த்தால் 10 கிராம் ஒட்சைட்டுக்கு ஏறத்தாழ 25 கிராம் போரன். போரனின் அணு நிறை 10.8, ஒட்சிசன் 16. ஐந்து நிமிடக் கணக்கு, சரிபார்த்துக்கொள்.

தனிப் போரன் கொக்கோத் தூள் மாதிரி மண்ணிறம். விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்தால் இரண்டு நாளைக்குப் போகாது. 1808இல் இங்கிலாந்தில் டேவியும் பிரான்சில் கே-லுசாக், தெனார் இருவரும் பொற்றாசியத்தைக் கொண்டு ஒட்சிசனைப் பறித்தெடுத்துத்தான் இதைப் பிரித்தார்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்டுப் பறித்ததில் ஒரு சிட்டிகையை நாங்கள் திருப்பிக் கொடுக்கிறோம்.

இப்போது உன் கேள்வியின் மற்றப் பாதி: ஏன் அமுக்க வேண்டும்? உண்மையில் அமுக்கம் இல்லாமலும் இந்தச் சேர்வை உண்டாகும். நன்றாகச் சூடாக்கினாலே போதும். ஆனால் அந்தச் சூட்டில் ஒட்சிசன் வாயுவாக, போரனையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, நழுவிப் போய்விடும். பளிங்குக்குள் ஒட்சிசன் இருக்க வேண்டிய ஆசனங்கள் பல காலியாகக் கிடக்கும். பளிங்கும் மாவு மாதிரி நுணுக்கமாகத்தான் வரும். அமுக்கத்தில் வைத்துச் சூடாக்கினால் ஒட்சிசன் எங்கே ஓடுவது? அநேகமாக ஆசனமெல்லாம் நிரம்பிவிடும். உருகிய போரன் ஒட்சைட்டு சுற்றி நிற்பதால் பளிங்கும் நிதானமாக வளரும். வைரம் செய்கிறவர்களுக்கு உருகிய இரும்பு, நிக்கல் என்று ஓர் உலோகம் துணைக்கு வேண்டும். இதற்கு அந்தத் தொந்தரவு இல்லை. மூலப்பொருளில் ஒன்றே உருகித் துணைக்கு நிற்கிறது.

"5 கிகாபஸ்கால் என்பது 5,000 வளிமண்டலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பூச்சியம் குறைகிறது. கவனித்து எழுதவும்."
– இளைப்பாறிய பொறியியலாளர், பம்பலப்பிட்டி

அச்சுப் பிழை என்று சொல்லித் தப்பலாம் என்று என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன் ஐயா. அதிலும் 5,000தான். குற்றம் என்னுடையது. சரியானது கிட்டத்தட்ட 50,000 வளிமண்டலம்.

பூச்சியங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட இப்படி நினைத்துப் பார்க்கலாம். பெருவிரல் நகம் ஒரு சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு தொன் நிறையுள்ள யானை, கங்காராமை நவம் பெரஹராவில் வருகிறதே, அந்த மாதிரிப் பன்னிரண்டு யானைகள் அந்த ஒரு நகத்தின்மேல் ஏறி நின்றால் வருவதுதான் இந்த அமுக்கம். கடலின் மிக ஆழமான பள்ளத்தில்கூட 1,100 வளிமண்டலம்தான். இந்த அளவு இயற்கையில் வேண்டுமானால் நிலத்துக்குக் கீழே 150 கிலோமீற்றர் போக வேண்டும்.

"நீங்களே இந்த வேலை செய்ததாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இவ்வளவு அமுக்கம் எப்படிக் கொடுப்பது? கராஜ்களில் இருக்கிற ஹைட்ரோலிக் ஜாக் மாதிரியா?"
– மோட்டார் மெக்கானிக், தெஹிவளை

ஜாக்தான் தம்பி. ஆயிரம் தொன் ஜாக். அதைவிட, அந்த ஆயிரம் தொன்னையும் எந்த இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது.

எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். சமையலறையில் கோப்பை கழுவி, பிறகு ஒரு தொழிற்சாலையில் கடைசல் பிடித்து, கடைசியில் ஓர் ஆய்வுகூடத்தில் டெக்னீசியனாக நுழைந்தேன். பத்தொன்பது வருடம் அங்கே இந்த அமுக்கியோடுதான் சீவியம். பட்டம் பெற்றவர்கள் தாளில் கீறித் தருவார்கள். கையால் செய்வது நான்.

முதலில் எட்டுக் கனசதுரக் கட்டிகள். டங்ஸ்டன் காபைட். பக்கம் 32 மில்லிமீற்றர், ஒவ்வொன்றும் அரைக் கிலோ. கையில் வைத்தால் இந்தச் சின்னச் சாமானா இவ்வளவு பாரம் என்று கை தாழும். ஒவ்வொரு கட்டியிலும் ஒரு மூலை மட்டும் சீவியிருக்கும். எட்டையும் சீவிய மூலை உள்ளே பார்க்க அடுக்கினால் நடுவில் எட்டு முகமுள்ள ஓர் ஓட்டை வரும். எகிப்துப் பிரமிட்டு இரண்டை அடியோடு அடி ஒட்டிய வடிவம் என்று வையுங்கள். அந்த ஓட்டைக்குள் மக்னீசியம் ஒட்சைட்டில் கடைந்த அதே வடிவக் கட்டி இருக்கும். அதில் துளை போட்டு, துளைக்குள் காரீயக் குழாய் (ஈயம் அல்ல, பென்சில் காரீயம்), அதற்குள் போரன் நைதரைட்டில் செய்த சிமிழ், சிமிழுக்குள் நம் சாமான். எல்லாம் சேர்ந்து ஓர் உளுந்து மணியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கட்டிகளின் இடுக்கில் மாக்கல் மாதிரியான ஒரு மென்கல்லை வார் வாராகச் சீவி ஒட்ட வேண்டும். ஜாக் அமுக்கும்போது அந்தக் கல் பிதுங்கி வெளியே வரப் பார்க்கும். வரவும் வேண்டும், முழுதாக வந்துவிடவும் கூடாது. ஆயிரம் தொன்னுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நிற்பது அந்த மென்கல்தான். இந்த எட்டுக் கட்டி முறையை 1970இல் ஜப்பானில் கவாய் என்பவர் சீராக்கினார்.

காரீயக் குழாய்தான் அடுப்பு. மின்சாரத்தைப் பாய்ச்சினால் பழுத்துச் சூடேறும். நம் போகல சுரங்கத்தில் எடுக்கிறோமே, அதே இனம். அதிலும் ஒரு வேடிக்கை: 10 கிகாபஸ்காலுக்கு மேல் போனால் சூட்டில் அந்த அடுப்பே வைரமாக மாறத் தொடங்கும். வைரத்தில் மின்சாரம் ஓடாது, அடுப்பு அணைந்துவிடும். வைரம் கிடைத்ததே என்று யாரும் சந்தோஷப்பட்டதில்லை. 5இல் நிற்கிற எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அமுக்கம் ஏற்ற மூன்று நாலு மணித்தியாலம். அவசரப்படக் கூடாது. பிறகு 1,700 பாகைக்குச் சூடேற்றி அரை மணித்தியாலம் பிடிக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது: வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, திரையில் ஓர் எண் மட்டும். இரும்பைத் தொட்டால் வெதுவெதுப்பு. உள்ளே மூன்று அங்குலத்தில் இரும்பே உருகிவிடும் சூடு. நேரம் முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் சில வினாடியில் சூடு இறங்கிவிடும். அமுக்கத்தை இறக்கத்தான் ஓர் இரவு முழுவதும் வேண்டும். வெடிப்பது அநேகமாக அந்த இறக்கத்தில்தான்.

எனக்கு ஒருமுறை ஏற்றத்திலேயே வெடித்தது. பிழை என்னுடையது. போரன் ஒட்சைட்டு தண்ணீர்ப் பைத்தியம். காற்றில் ஈரம் கண்டால் உறிஞ்சி மறுபடி போரிக் அமிலமாகிவிடும். அதனால் உலர் பெட்டிக்குள்தான் வைப்போம். ஒரு கோடை நாளில் போத்தலைத் திறந்தபடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வந்து நிறுத்து, அரைத்து, அடைத்தேன். 900 பாகை தாண்டியதும் உள்ளே இருந்த ஈரம் வழி தேடியது. லொறி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். கட்டிடம் முழுக்க ஆட்கள் எழும்பி நின்றுவிட்டார்கள். எட்டுக் கட்டியில் மூன்று உடைந்து போயிற்று. பேராசிரியர் ஏசவில்லை. குறிப்புக் கொப்பியைத் தள்ளி, 'ஈரம்' என்று எழுதச் சொன்னார். இப்போது வெள்ளவத்தையில், கடலிலிருந்து இருநூறு மீற்றரில் இருக்கிறேன். பேரனின் கரம் பவுடர் கட்டிபடும்போதெல்லாம் அந்தக் கொப்பி நினைவு வரும்.

சரி, ஒழுங்காக முடிந்த நாளில் என்ன கிடைக்கும்? குறட்டால் வெள்ளைக் கட்டியை உடைத்தால் நடுவில் கரிய ஒரு மணி. அதை வெந்நீரில் ஊறவைத்தால் மிச்சமிருந்த ஒட்சைட்டு கரைந்து போகும். அந்தத் தண்ணீரில் போவது வேறொன்றும் இல்லை, போரிக் அமிலம்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் பவுடர். அடியில் தங்குகிற செந்நிறத் தூளை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் இத்தனை பாட்டுக்கும் கூலி. ஒவ்வொரு துகளும் இருபது முக்கோண முகத்தோடு, யாரோ உட்கார்ந்து பட்டை தீட்டிய மாதிரி. 1998இல் அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆட்கள் இதைப் பற்றி 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். அவர்களுடைய துகள்களில் பெரியது 40 மைக்கிரோமீற்றர் வரை இருந்தது. தலைமயிரின் தடிப்பில் அரைவாசி என்று சொல்லலாம்.

அந்த இருபது முகத்துக்கும் காரணம் இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளை உதைபந்தை எடுங்கள். அதில் கறுப்புத் துண்டு பன்னிரண்டு. ஒவ்வொரு கறுப்பின் நடுவிலும் ஒரு போரன் அணு இருப்பதாக நினையுங்கள். பன்னிரண்டு அணுக்கள் அப்படிக் கூடுகட்டி நிற்பதுதான் போரனின் பழக்கம். அப்படியான கூடுகளை அடுக்கி, ஒரு கூட்டுக்கு இரண்டு ஒட்சிசன் வீதம் இடையில் வைத்துப் பிணைத்தால் பி-6-ஓ. அந்த அடுக்கின் கோணம் 63.1 பாகை. இருபது பளிங்குகள் ஒரு புள்ளியைச் சுற்றி இடைவெளியில்லாமல் உட்கார வேண்டுமென்றால் 63.4 வேண்டும். வித்தியாசம் இவ்வளவு சின்னது என்பதால் இருபதும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இருக்கிற அணுக்கூட்டின் வடிவமே வெளியே துகளின் வடிவமாகவும் வந்து நிற்கிறது. பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்தவற்றில் இதைவிட வடிவான ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டும்.

"செட்டியார் தெருவில் மூன்று தலைமுறையாக நகைத் தொழில். ஆய்வுகூட வைரம் வந்து ஏற்கெனவே வியாபாரத்தைக் குழப்புகிறது. இதுவும் வந்தால் எங்கள் கதி என்ன?"
– நகைக்கடைக்காரர், கொழும்பு 11

பயப்படாதீர்கள் ஐயா. இது துண்டாகப் பார்த்தால் கறுப்பு, துகளாகப் பார்த்தால் செம்மண் நிறம். மோதிரத்தில் வைக்கிற அளவுக்குத் தெளிந்த பளிங்கும் கிடையாது.

ஆனால் உங்கள் பட்டறைக்கும் இந்தக் கல்லுக்கும் நீங்கள் நினைப்பதைவிடக் கிட்டிய உறவு. என் பெரியப்பா உங்கள் தெருவில்தான் பத்தர் வேலை செய்தார். பாடசாலை விட்டதும் அங்கேதான் போய் உட்காருவேன். கருங்கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வெங்காரக் கட்டியை உரைப்பார். வெண்ணெய் மாதிரி வருவதைத் தூரிகை நுனியால் சங்கிலியின் மூட்டில் தொட்டு வைத்து, பற்றாசு (மூட்டை ஒட்டுகிற, இலகுவில் உருகும் உலோகம்) வைத்து, ஊதுகுழலால் ஊதுவார். வெங்காரம் முதலில் பொரிந்து வெள்ளையாக எழும்பும், பிறகு அடங்கிக் கண்ணாடித் துளியாகி மூட்டில் பரவும். உலோகத்தின் மேல் படிந்த அழுக்கு ஒட்சைட்டை அந்தத் துளி கரைத்துவிடுவதால்தான் பற்றாசு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் துளியில் இருப்பது போரனும் ஒட்சிசனும், கூடவே சோடியமும். அமுக்கிக்குள் உருகி நின்று பளிங்கை வளர்க்கிறது என்று சொன்ன ஒட்சைட்டும் இதே குடும்பம்தான்.

கடினத்தையும் கேட்டிருந்தீர்கள். சதுர அடியுள்ள வைரக் கூம்பகம் ஒன்றை 100 கிராம் பாரத்தோடு கல்லில் அழுத்தி, விழுகிற சதுரக் குழியின் மூலைவிட்டத்தை அளப்பார்கள். பாரத்தைக் குழியின் பரப்பால் பிரித்தால் கடினம், அதனால் அதற்கும் அலகு கிகாபஸ்கால்தான். 2002இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்து ஆட்கள் பி-6-ஓ பளிங்கில் அளந்தபோது 45 கிகாபஸ்கால் வந்தது. அந்தக் குழியின் மூலைவிட்டம் ஆறு மைக்கிரோமீற்றர் சொச்சம்தான். நல்ல கண்ணும் பொறுமையும் வேண்டும். இரத்தினபுரி நீலக்கல்லுக்கு இதே அளவை 20 சொச்சம். இயற்கை வைரம் 70இலிருந்து 100. உங்கள் கல்லாவில் இருக்கிற நீலக்கல்லை இது கீறும். வைரம் இதைக் கீறும்.

"இவ்வளவு கடினம், இவ்வளவு இலேசு என்றால் ஏன் கடையில் ஒரு துளைப்பான் அலகுகூட இதில் இல்லை?"
– ஹார்ட்வெயார் கடை ஊழியர், மருதானை

நல்ல கேள்வி, எனக்குக் கொஞ்சம் வலிக்கிற கேள்வியும்கூட.

இலேசு என்பது உண்மை. கன சென்ரிமீற்றருக்கு 2.6 கிராம், அலுமினியம் 2.7, வைரம் 3.5. நீங்கள் விற்கிற டங்ஸ்டன் காபைட் அலகு 15. ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. பீங்கான் கோப்பை இரும்புக் கரண்டியைவிடக் கடினம். கீழே போட்டால் எது உடைகிறது? பி-6-ஓ அந்தப் பீங்கான் சாதி. தூளைக் கட்டியாக்குவதும் பெரிய பாடு. 1,900 பாகைக்குக் கிட்டச் சூடாக்கி அமுக்கினாலும் துகளும் துகளும் மனமில்லாமல்தான் ஒட்டும். அலுமினியம் ஒட்சைட்டு மாதிரிச் சிலதைக் கொஞ்சம் கலந்தால் ஒட்டுவது மேம்படும் என்று கண்டிருக்கிறார்கள்.

அடுத்தது போட்டி. போரன் காபைட் என்று ஒன்று இருக்கிறது. கடினத்தில் இதைவிடக் குறைவு, இலேசில் இதைவிடக் கொஞ்சம் மேல். போரன் ஒட்சைட்டையும் கரியையும் மின் உலையில் போட்டால் சாதாரண அமுக்கத்திலேயே தொன் கணக்கில் வரும். குண்டு துளைக்காத அங்கியின் தட்டு, மணல் வீசும் குழாய் வாய் எல்லாம் அதுதான். ஒரு நாளைக்கு ஓர் உளுந்து மணி செய்கிற நான் அதோடு எப்படி விலை பேசுவது?

1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வென்டோர்ஃப் கியூபிக் போரன் நைதரைட்டைச் செய்தார். அதற்கும் பெரிய அமுக்கம் வேண்டும், விலையும் கூட. ஆனால் அது பிழைத்துக்கொண்டது. காரணம், கடினப்படுத்திய உருக்கை வைரத்தால் கடைய முடியாது. சூட்டில் வைரத்தின் காபன் இரும்புக்குள் கரைந்து முனை மழுங்கிவிடும். அந்த ஒரு வேலைக்கு நைதரைட்டு அவசியமாயிற்று. பி-6-ஓ செய்தால்தான் ஆகும் என்கிற வேலை ஒன்று இன்னும் அகப்படவில்லை. நான் இருந்தபோதே ஆய்வுக்குப் பணம் தருகிறவர்கள் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் அழகான படங்களைக் காட்டிச் சமாளிப்பார்.

இலங்கையில் ஏன் இப்படி ஓர் அமுக்கி இல்லை என்றும் கடித ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அமுக்கம் இறங்க ஓர் இரவு முழுவதும் பம்பி ஓட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? 2022 மார்ச்சில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

"கரப்பானுக்குப் போரிக் பவுடர் வைக்கலாம் என்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. பயமில்லையா?"
– இல்லத்தரசி, வெள்ளவத்தை

பயப்பட வேண்டும் அம்மா. கரப்பான் அதைக் காலில் பூசிக்கொண்டு போய், காலை நக்கும்போது வயிற்றுக்குள் போய்ச் சாகும். குழந்தையும் விரலை வாயில் வைக்கிற வயது. வயிற்றுக்குள் போனால் அதற்கும் நஞ்சுதான். தகரப் பாலில் குழைத்து உருண்டை செய்து வைக்கிற வேலை உங்கள் வீட்டில் வேண்டவே வேண்டாம், அது குழந்தைக்கு இனிப்பு மாதிரித் தெரியும். கரம் பவுடர் டப்பாவும் மேல் தட்டுக்குப் போகட்டும். கரப்பானுக்கு, இரவில் குசினித் தொட்டியைத் துடைத்துக் காய வைத்துவிட்டுப் படுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் அது அதிக நாள் நிற்காது. எங்கள் ஒழுங்கையில் எல்லார் வீட்டுக் கானும் ஒன்றுதான் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.